ஒரு ஜோடி மாடு, ரெண்டு கமலை

வாடா பேராண்டி, உக்காரு. அந்த நீலக் கற்கண்டைக் கொஞ்சம் காட்டு. ரிலேயாம்ல இது பேரு? தீப்பெட்டியில பாதிகூட இல்ல. இதை வச்சுத்தான் கெணத்து மோட்டாரையும் போர் மோட்டாரையும் ஒரே சோலார் டிரைவுல மாத்தி மாத்தி ஓட்டப் போறியாமே! ராத்திரி முழுக்க உங்க அப்பத்தா உன் பெருமையா பேசி, என் தூக்கம் போச்சு.

யோசனை தப்புன்னு நான் எங்கடா சொன்னேன்? பிளவக்கல்லுல தண்ணி தொறந்து கெணறு ஊறுனா மேல இருக்க 5 எச்.பி. போதும். சித்திரை, வைகாசியில போருக்குள்ள கெடக்க 7.5. ரெண்டும் சேந்து ஓட வேண்டிய நாளே நமக்குக் கெடையாது. பெறகு சோலாருக்கு ரெண்டு டிரைவு வாங்குறவன் கிறுக்கன்தான். 1990-ல விவசாயத்துக்குக் கரண்ட்டு இலவசம்னு ஆச்சுல்ல, அந்தக் காலத்துலயே ஒரு ஸ்டார்ட்டருக்குப் பின்னாடி கையால திருப்புற சேஞ்ச் ஓவர் சுவிட்சு போட்டு ரெண்டு மோட்டாரு ஓட்டுனவன் நான். நீதான் கண்டுபிடிச்சேன்னு பொண்ணு வீட்டுல சொல்லி வைக்காத.

இந்தக் கற்கண்டு மேல 10 ஆம்பியர்னு போட்டிருக்கு. 5 எச்.பி. ஏழரை ஆம்பியர்தான் இழுக்கும், அடங்கிரும்னு கணக்குப் போட்டுட்ட. அந்தப் பத்து, பல்புக்கும் ஹீட்டருக்கும் சொன்ன பத்துடா. மோட்டாருச் சுருளு வேற சாதி. நேரடி ஸ்டார்ட்டருல கெளம்புறப்ப ஆறு மடங்கு கேக்கும். டிரைவு மெதுவா கெளப்பும்ங்கிற, சரி. ஆனா பொறி பறந்து உள்ள இருக்க முனை ரெண்டும் ஒட்டிக்கிருச்சுன்னா யாரு போயிப் பிரிச்சு விடுறது? இந்தப் பொடியனைத் தாக்கல் சொல்ல மட்டும் வச்சுக்கோ. இவன் போயி காண்டாக்டர்ங்கிற பெரிய சுவிட்சோட காயிலை எழுப்பட்டும். செமையைத் தூக்குறது காண்டாக்டரு வேலை.

இனிமேத்தான் உங்க காலேஜுல சொல்லாத சங்கதி. எங்க அய்யாவுக்கு ரெண்டு கெணறு, ரெண்டு கமலை. மாடு மட்டும் ஒரே ஜோடி. காலையில இந்தக் கெணறு, வெயில் சாஞ்சதும் அந்தக் கெணறு. ஒரு நா அவசரத்துல, கூனை பாதிக் கெணத்துல தண்ணியோட தொங்குறப்பவே வடத்தைக் கழட்டிவிட்டேன். அம்புட்டுதான்! கூனை வடத்தை இழுத்துக்கிட்டு உள்ள பாஞ்சுச்சு, உருளை எகிறிப்போச்சு. வடம் உரசுன தழும்பு இந்தா, இன்னும் கெடக்கு. அதுக்கு மேல எங்க அய்யா போட்ட தழும்பு வேற எடத்துல, அதைக் காட்ட முடியாது.

மோட்டாரு ஓடுறப்பவே ரிலேயைத் திருப்புனா அதே கதைதான். சுருளுக்குள்ள ஓடிக்கிட்டிருக்க கரண்ட்டு சட்டுனு நிக்காது, வழி தேடும். காண்டாக்டரு வாயில நெருப்பா வரும், இல்ல டிரைவுக்குள்ள இருக்க டிரான்சிஸ்டரைப் பதம் பாத்துரும். அதனால மொதல்ல டிரைவை நிறுத்து. குழாயில ஏறுன தண்ணி எறங்கி, மோட்டாரு சுத்து நிக்கட்டும். பெறகு மொத காண்டாக்டரை விடு. ஒரு வெத்தலையை மடிச்சு வாயில போடுற நேரம் பொறு. அடுத்ததைப் புடி. கடைசியாத்தான் டிரைவு. வெத்தலை போடத் தெரியாதா? அப்ப டைமரு வாங்கிக்கோ.

ரெண்டு காண்டாக்டரும் ஒண்ணா புடிச்சுக்கிட்டா? நம்ம கான்சாபுரம் யாரு பேரைச் சொல்லுது? கான்சாகிபு பேரைன்னுதான் பெரியாளுக சொல்லுவாக. அந்த மனுசனைக் கும்பினி ஒரு பக்கம், நவாபு ஒரு பக்கம் இழுத்து, 1764-ல மதுரையில தூக்குக் கயித்துல விட்டாக. உன் டிரைவுக்கு அந்தக் கதி வேண்டாம். ஒரு காண்டாக்டரு காயிலுக்குப் போற கம்பியை, அடுத்ததோட மூடியிருக்க துணை முனை வழியா கொண்டு போ. ஒண்ணு புடிச்சிருக்க மட்டும் இன்னொண்ணுக்கு உசுரு வராது. புரோகிராமுலயே எழுதிட்டியாக்கும்? ஒட்டிப்போன முனை ஒன் புரோகிராமுக்கு எப்படிய்யா தெரியும்?

ஓவர்லோடு ரிலேயை மோட்டாருக்கு ஒண்ணா தனித்தனியா போடு. 7.5-க்கு 11 ஆம்பியர்னு டிரைவுல வச்சுட்டு, அதே கணக்குல 5-ஐ ஓட்டுனா சின்னது சத்தமில்லாம வெந்து கெடக்கும். ரீவைண்டிங் கடைக்காரனுக்குத்தான் பொங்கல். போருக்குப் போற வயருல பேஸ் மாறியிருக்கான்னும் பாரு. தலைகீழா சுத்துனாலும் தண்ணி கொஞ்சம் வரத்தான் செய்யும். போரு வத்திப் போச்சுன்னு அழுதுகிட்டு புதுசா போடப் போன புத்திசாலிக நம்ம பக்கம் உண்டு.

சரி, காண்டாக்டரு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான போற? வரும்போது பால்கோவா வாங்கிட்டு வா. கால் கிலோ, ரெண்டு பொட்டலமா. உங்க அப்பத்தாகூட மாத்தி மாத்தித் திங்கிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது.