கை படாத கைவினைச் சந்தைக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
மாபெரும் கைவினைப் பொருள் சந்தை அமைப்புக் குழு,
எங்கள் ஊர்.

பொருள்: கைவினைச் சந்தை – சிறப்பாக நடத்தி முடித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: பேருந்து நிலையத்துக்கு எதிரே தாங்கள் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர்.

ஐயா, அம்மையீர்,

பார்வையில் கண்ட பேனரில் தாங்கள் அழைத்தபடி குடும்பத்தோடு சந்தைக்கு வந்தோம், டிக்கெட் எடுத்தோம், சுற்றிப் பார்த்தோம். நாச்சியார்கோவிலுக்கும் சுவாமிமலைக்கும் டவுன் பஸ் போகிற ஊர் இது. குத்துவிளக்கு வார்ப்பதும் சாமி சிலை வார்ப்பதும் இங்கே அக்கம்பக்கத்துத் தொழில். அப்படிப்பட்ட ஊருக்கு வந்து, கைவினை என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும் துணிச்சல் தங்களுக்கு இருந்ததே, அதற்கு என் வாழ்த்து.

பாடம் பேனரிலேயே தொடங்கிவிட்டது. ‘கையால் செய்ததைப் போற்றுவோம்’ என்ற வாசகத்தை மெஷினில் அச்சடித்து, இரண்டு இரும்புக் கம்பத்துக்கு நடுவே கட்டியிருந்தீர்கள். ஒருகாலத்தில் இந்த ஊரின் கடைப் பலகை, சினிமாத் தட்டி, கட்சிச் சுவர் எல்லாவற்றையும் எழுதிய ஓவியர் ஒருவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கட்டி வைத்துவிட்டு ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறார். அவரும் டிக்கெட் எடுத்து வந்திருந்தார். பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எழுத்தைப் புடிச்சு இழுத்து வுட்டிருக்காங்க சார்” என்றார். அவருக்கு என்ன தெரியும்! பழைய ஆள்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் டெல்லி அப்பளம், இடப்பக்கம் மிளகாய் பஜ்ஜி. சரியான வரிசைதான். பசியோடு கலையை ரசிக்க முடியாது. அடுத்தது ராட்சத ராட்டினம். அதைத் தாண்டினால் ‘எது எடுத்தாலும்’ கடை. அதற்கும் அந்தப் பக்கம், கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்ட இளைஞர் ஒருவர் காய்கறி நறுக்கும் கருவியைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். “கையே படவேண்டாம் மேடம், கையே படவேண்டாம்!” என்று அவர் கத்தக் கத்த வெங்காயம் பொடிப்பொடியாக விழுந்தது. கைவினைச் சந்தையில் அன்று மாலை அதிகக் கூட்டம் கூடிய இடம் அதுதான்.

மெத்தைக் கடை, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், காலை அமுக்கிவிடும் நாற்காலி, தவணைக்கு மனை விற்கும் மேஜை எல்லாம் தாண்டி, ஜெனரேட்டர் புகைக்குள் புகுந்து வெளியே வந்தால், தற்காலிகக் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கைவினைஞர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவ்வளவு தூரம் தேடி வருகிறவர்தான் உண்மையான ரசிகர் என்று தாங்கள் நினைத்திருக்கலாம்.

பத்தமடையிலிருந்து பாய் கொண்டுவந்திருந்த அம்மாள் ஒருவர் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிற வேலை அது. நயமான பட்டுப்பாய் ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கையில் எடுத்தால் துணியை எடுத்த மாதிரி இருக்கும், பாயை எடுத்த மாதிரி இருக்காது. அந்தப் பாய்க்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அந்த வீட்டு அம்மா விலையைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பாதியாகக் குறைத்தார்.

“கடைசியா என்ன சொல்றீங்க? அங்க பிளாஸ்டிக் பாய் முந்நூறு ரூபாய்க்குக் கொடுக்கிறான்.”

பாய்க்கார அம்மாள் கோபப்படவில்லை. “ஆமாம்மா, அப்பளக் கடைக்குப் பக்கத்துலதான் இருக்கு. சீக்கிரமாப் போங்க, தீந்துரப் போவுது” என்றார்.

அவர்கள் போனார்கள். போகிற வழியில் டெல்லி அப்பளமும் வாங்கினார்கள் என்பதைப் பின்னால் நடந்த நான் பார்த்தேன். அப்பளத்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. ராட்டினத்துக்கும் பேசுவதில்லை. பைக் நிறுத்தும் இடத்தில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, சீட்டைக்கூட வாங்காமல் வருகிறோம். நம் பேரம் பேசும் திறமை முழுவதையும் சேர்த்து வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைகிறோம். செய்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் குறைத்துத்தான் கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை. தாங்கள் அதற்கும் ஏற்பாடு செய்து, ‘நேரடி விற்பனை, மலிவு விலை’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தீர்கள். செய்தவரைக் கேட்டீர்களா, மலிவா என்று?

ஜமக்காளம் விஷயத்தில் தங்கள் சாதனையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கான சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவேடு சென்னை கிண்டியில் இருக்கிறது. நெசவாளர்கள் விண்ணப்பித்து, சான்று காட்டி, விசாரணை முடிந்து வாங்கிய பெயர் அது. அது போதாதென்று, கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட ரகங்கள் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றைக்கு இருக்கும் 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியில் அதை நெய்யவே கூடாது. இவ்வளவு வேலியையும் தங்கள் முதல் வரிசைக் கடைக்காரர் ஒருவர் ஒரு மார்க்கர் பேனாவால் தாண்டிவிட்டார். லாரியில் வந்து இறங்கிய விசைத்தறி விரிப்புக் கட்டுகளுக்கு மேல் ‘பவானி ஜமக்காளம், ஒரிஜினல்’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார். அந்த அட்டை மட்டும் கையால் எழுதியது. அந்தக் கடையின் கைவினை அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு வாசலோரம் இடம் கிடைத்தது எப்படி என்று விசாரித்தேன். கேட்ட முன்பணத்தைக் கட்டினார், சாவியை வாங்கினார், முடிந்தது. கொட்டகைக்காரர்களின் கதை வேறு. கைவினைஞர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், அதன் மேல் கையெழுத்து, போதாததற்கு ‘இந்தப் பொருளை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று ஒரு கேள்வி. கோரை கீறிக் கீறிக் காய்த்துப்போன விரலை ஜெராக்ஸ் எடுக்க முடியாது என்பதால் அந்த அம்மாள் மறுபடி ஒருமுறை ஊருக்குப் போன் போட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறார். கைவினைச் சந்தையில், கையால் வேலை செய்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது ஆழமான விதி. தாங்களே யோசித்ததா, ஆலோசகர் யாராவது சொன்னதா என்று தெரிந்துகொள்ள ஆவல்.

கடை வாடகையைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பல கைவினைப் பொருட்களுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். வரி வசூலிக்கிறவர்களே இறங்கி வந்த பிறகும் தாங்கள் இறங்காமல் நின்றது கொள்கை உறுதி.

திறப்பு விழாவுக்கு வருகிறேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கு பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தது, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை உருக்கி ஊற்றும் நாச்சியார்கோவில்காரர் தன் கடையில் வரிசையாக விளக்கு வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை இரவல் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பார். சிறப்பு விருந்தினருக்குப் பாலியெஸ்டர் பொன்னாடை போர்த்தி, நடராஜர் படம் ஒட்டிய அக்ரிலிக் கேடயம் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தீர்கள். கொட்டகையில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, ஒவ்வொரு சிலைக்கும் ஓர் அச்சை உடைத்துச் செய்த சுவாமிமலை நடராஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் மேடைக்கு அழைக்கப்படவில்லை. அவருக்கு எதிர்க் கடையில் ‘பஞ்சலோகக் கலர்’ பிசின் நடராஜர்கள் ஒரே முகத்தோடு அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் சுவாமிமலைக்காரரிடம் வந்து, “இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா, மச்சானுக்கும் ஒண்ணு வேணும்” என்று கேட்டார். இல்லை என்றதும், எதிர்க் கடையில் ஜோடியாக வாங்கிக்கொண்டு போனார்.

விருந்தினர் பிறகு குயவரின் சக்கரத்துக்கு வந்தார். களிமண்ணைத் தொட்டார். மோதிரம் பட்டுப் பானை ஒரு பக்கமாகச் சரிந்தது. கைதட்டல். படம் எடுத்து முடிந்ததும் குயவர் அந்த மண்ணைத் திரட்டி மறுபடி நடுவில் வைத்தார். அவருடைய பெயரை யாரும் மைக்கில் சொல்லவில்லை. விருந்தினர் பேசும்போது மேடையில் இருந்த குழு உறுப்பினர்கள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குச் செய்த மரியாதை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த பொம்மைக்கு அடிப்பாகத்தில் கனம் உண்டு. எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். தங்கள் உறுப்பினர்கள் முதல் பாதியை மட்டும் கற்றிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பகடி வரவில்லை. வெளியூர்க் கைவினைஞர்கள் பொருளுக்குக் காவலாகக் கடையிலேயே படுத்திருக்கிறார்கள். பெண்களும் அப்படித்தான். குளிக்க இடம் கிடையாது. விடிவதற்கு முன் இருவர் இருவராக எழுந்து பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்வந்ததாகச் சொன்னார்கள். மெத்தைக் கடைக்கு இரவுக் காவலர் இருந்தார். மெத்தைகள் நன்றாகத் தூங்கின. நடுவில் ஒருநாள் மழை பெய்து தகரக் கொட்டகை ஒழுகியபோது பாய்களைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் ராத்திரி முழுவதும் நின்றிருக்கிறார். காலையில் தாங்கள் வந்து பார்த்ததாகவும், “விற்பனை எப்படி?” என்று கேட்டதாகவும் சொன்னார். கடைசி நாளில் எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தீர்கள். அதில் அவர் பெயரில் எழுத்துப் பிழை.

அடுத்த வருடமும் சந்தை உண்டு என்று கேள்விப்பட்டேன். நாங்களும் வருவோம். இந்த ஊரில் வேறு பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? ராட்டினத்தின் மேலும் அப்பளத்தின் மேலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பொருட்காட்சி என்று பெயர் வைத்தால் அவையெல்லாம் கௌரவமாக இருக்கும், எங்களுக்கும் ஏமாற்றம் இருக்காது. கைவினை என்ற சொல்லைப் போட்டு டிக்கெட் விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் சில வேண்டுகோள்கள். அப்பளக் கடையைக் கடைசியில் போடுங்கள். மைதானத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஜனம் மோப்பம் பிடித்துப் போய்விடும். பாய்க்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கடைக்கு மேலும் ‘செய்தவரே விற்கிறார்’ அல்லது ‘வாங்கி விற்கிறார்’ என்று ஒரு பலகை வையுங்கள். வாங்கி விற்பது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் குற்றம். அந்தப் பலகைகளை எழுத எங்கள் ஊர் ஓவியரைக் கூப்பிடுங்கள், கூலியும் கொடுங்கள். வருகிறவர்களுக்குக் குளிக்க, படுக்க, பூட்டிவைக்க இடம் கொடுங்கள்.

வாசலை ஒட்டிய முதல் வரிசையைச் செய்கிறவர்களுக்கே வாடகையில்லாமல் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு பேனர் கட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் எடுத்து வந்த உள்ளூர்க்காரன்.