முதல் இடத்துக்கு 2,000 கோடி டாலர்

கேள்வி: கூகுளில் தேடும்படி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நன்றாக இருக்கிறது, தேடுகிறோம். இதில் ஏகபோகம் எங்கே வந்தது?

பதில்: அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் கூகுளின் வக்கீல்களும் வாஷிங்டன் கோர்ட்டில் இதையேதான் சொன்னார்கள். நீங்கள் ஃபீஸ் வாங்காமல் சொல்கிறீர்கள், அதுதான் வித்தியாசம். சரக்கு தரமானதுதான் என்று நீதிபதி அமித் மேத்தாவும் ஒப்புக்கொண்டார். அவரை உறுத்தியது வேறு. ஐபோனில் சஃபாரியைத் திறந்தால் கூகுள்தான் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக, 2022இல் மட்டும் ஆப்பிளுக்குப் போன தொகை சுமார் 2,000 கோடி டாலர். கூட்டம் தானாக வருகிற கடை, தெருமுனையில் ஆள் பிடிக்க இவ்வளவு செலவழிக்குமா? கூகுள் சட்டத்தை மீறித்தான் ஏகபோகத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பானது.

கேள்வி: பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாமே?

பதில்: தாராளமாக. நீங்கள் கடைசியாக மாற்றியது எப்போது?

கேள்வி: ஆப்பிள் சொந்தமாக ஒரு தேடுபொறி செய்யக் கூடாதா?

பதில்: எதற்கு? சஃபாரி வழியாக நடக்கும் தேடல்களில் கூகுளுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்கு என்று அதே வழக்கில் வெளிவந்தது. சும்மா இருக்கச் சம்பளம் வரும்போது வேலைக்குப் போகச் சொல்கிறீர்களே!

கேள்வி: சரி, தண்டனை?

பதில்: கூகுளை அதன் குரோம் பிரவுசரை விற்கச் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசு கேட்டது. 2025 செப்டம்பரில் நீதிபதி மறுத்துவிட்டார். ‘எங்களை மட்டும்தான் வைக்க வேண்டும்’ என்று ஒப்பந்தம் போடக் கூடாது, தேடல் தரவில் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்பதோடு சரி. முதல் இடத்துக்குப் பணம் கொடுப்பதைக்கூடத் தடுக்கவில்லை. அந்தப் பணம் நின்றால், ஃபயர்பாக்ஸ் நடத்தும் மோசில்லா போன்றவர்கள்தான் முதலில் அடிபடுவார்களாம். செயற்கை நுண்ணறிவு வந்து போட்டியை உண்டாக்கும் என்பது நீதிபதியின் இன்னொரு நம்பிக்கை. மறுநாள் கூகுளின் பங்கு விலை எகிறியது. தண்டனை பெற்றவர் வீட்டில் பட்டாசு வெடித்தால், அது என்ன தண்டனை என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி: ராக்ஃபெல்லர் காலத்தில் ஏகபோகத்தை உடைத்தார்களே?

பதில்: உடைத்தார்கள். 1911இல் ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் 34 துண்டானது. துண்டுகளின் பங்கு விலை ஏறி, ராக்ஃபெல்லர் முன்பைவிடப் பணக்காரரானார். மைக்ரோசாஃப்டை இரண்டாக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டு கோர்ட் உத்தரவோ அடுத்த வருடமே மேல்முறையீட்டில் ரத்து. ஆனாலும் வழக்கு வீண்போகவில்லை. மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் அடங்கியிருந்த அந்த இடைவெளியில்தான் ஒரு சின்ன கம்பெனி தைரியமாக வளர்ந்தது என்பார்கள். பெயர் கூகுள்.

கேள்வி: நம்மூர்க்காரர்கள் யாராவது கூகுளை எதிர்த்து நின்றதுண்டா?

பதில்: சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012இலேயே இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2018இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. புகார் கொடுத்த வருடம் அந்தத் தளத்தில் வரன் பார்த்தவர்கள், உத்தரவு வருவதற்குள் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்திருப்பார்கள்.