எட்டாவது வள்ளல்

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். கொடியிடம் வருமானச் சான்று கேட்கவில்லை. பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான். அது ரெகுலர் மயில்தானா என்று விசாரிக்கவில்லை. இப்படிப் பாத்திரம் அறியாமல் கொடுத்துக் கெட்டதால்தான் வள்ளல்களின் பட்டியல் ஏழோடு நின்றுபோனது. அந்தக் குறை தீர அவதரித்த எட்டாவது வள்ளல், நம் அரசுகளின் கல்வி உதவித்தொகை. அதன் பெருமையை முழுதாக உணர வேண்டுமென்றால் அஞ்சல்வழியில் படித்துக்கொண்டே ஒருமுறை விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வள்ளலின் சமத்துவத்தைப் போற்றுவோம். தொலைநிலைக் கல்வியில் வாங்கும் பட்டம், கல்லூரிக்கு நேரில் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 விதிமுறைகளில் சொன்னது. 2022 செப்டம்பரில் மறுபடியும் சொன்னது. ஆக, பட்டங்கள் சமம். அவற்றைப் படிக்கிற ஆட்கள் சமம் என்று எங்கே சொன்னார்கள்? பட்டத்துக்குப் பசிக்காது, பஸ்ஸுக்குக் காசு கேட்காது. அதைச் சமமாக நடத்துவதில் கஜானாவுக்குக் காலணா செலவில்லை.

அடுத்தது வள்ளலின் நிதானம். பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வரும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர் வரை பயன்பெறலாம். ஒரே ஒரு நிபந்தனை: ரெகுலர் படிப்பாக இருக்க வேண்டும். அஞ்சல்வழி ஆகாது. நல்ல மதிப்பெண் வாங்கியும், அப்பா படுத்த படுக்கையானதால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பையனுக்கு இதில் இடமில்லை. வறுமைக்கும் ஓர் அளவு வேண்டாமா? கல்லூரிக்குப் போக முடிகிற வறுமை என்றால் கைகொடுக்கலாம். கல்லூரி வாசலையே மிதிக்க முடியாத வறுமை வரம்பு மீறியது. அதை ஊக்குவிக்கக் கூடாது.

மாநிலத்தின் கருணையும் இதற்குச் சளைத்ததல்ல. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அருமையான திட்டம், இதில் உள்குத்து ஏதுமில்லை. ஒரே பெஞ்சில் படித்த இரண்டு தோழிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி கல்லூரிக்குப் போகிறாள். அவள் கணக்கில் பணம் ஏறுகிறது. இன்னொருத்தி திருப்பூர் பனியன் கம்பெனியில் பகலெல்லாம் நின்றபடி செக்கிங் பார்த்துவிட்டு, இரவில் பி.ஏ. பாடப் புத்தகத்தைத் திறக்கிறாள். தொலைநிலைக் கல்வி என்பதால் அவளுக்குப் பணம் கிடையாது. சும்மாவா? தூக்கத்தை விட்டுப் படிக்கிற அளவுக்கு மன உறுதி உள்ளவளுக்கு ஊக்கத்தொகை எதற்கு?

வள்ளல் எல்லாக் கதவையும் சாத்திவிட்டார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் அஞ்சல்வழிக்காரர்களுக்கும் இடம் உண்டு. 2010இல் திருத்திய விதிகள், படிப்புக் கட்டணத்தோடு புத்தகம் வாங்க ஆண்டுக்கு 1,200 ரூபாயும் தரச் சொல்லின. மாதம் முழுசாக நூறு ரூபாய்! அதை ஒரே மூச்சில் செலவழித்துக் கெட்டுப்போகாமலிருக்கத்தான் சான்றிதழ் யாத்திரையையும் கூடவே வைத்திருக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என மனு படியேறும். இதற்கு நடுவே, மாணவர்தான் என்பதற்கான போனஃபைடு சான்று வேறு வாங்க வேண்டும். படிப்பு மையம் திறப்பது சனி, ஞாயிறுகளில். கையெழுத்துப் போட வேண்டியவர் வருவது வார நாள்களில். அந்தக் கையெழுத்துக்காக லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும். சேமிப்பின் அருமையை வேறு எந்தப் பாடத்திட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரும்?

விண்ணப்பத்தில் ஓர் அழகான கேள்வி வரும்: ஹாஸ்டலரா, டே ஸ்காலரா? விடுதியிலும் தங்காமல், வகுப்புக்கும் தினம் போகாமல், ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படி விளக்கில் படிக்கிறவருக்கு மூன்றாவது கட்டம் இல்லை. ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எதை அழுத்தினாலும் அது உண்மையல்ல. அதற்கும் கீழே, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழிக்கு ஒரு டிக் போட வேண்டும்.

ஆகவே அஞ்சல்வழியில் படிக்கும் தம்பி தங்கைகளே, வள்ளலை வாழ்த்துங்கள். கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். எந்த யுகத்திலாவது கேட்பார்கள். பார்க்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த நாட்டில் தொலைநிலை மாணவருக்கு மாதாமாதம் தவறாமல் கிடைக்கிற ஒரே உதவித்தொகை, அவருடைய சம்பளம்தான்.