நாக் குழு வரும் வாரம்

கல்லூரி வைஃபை எப்போது வேகமாக இருக்கும்? மூத்த மாணவர்களுக்குத் தெரியும்: கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் (NAAC) குழு வருகிற வாரம். எத்தனை மாணவருக்கு ஒரு கணினி, இணைய வேகம் எவ்வளவு என்றெல்லாம் மதிப்பீட்டுப் படிவத்தில் கேள்வி உண்டு. பதில் எழுத நிர்வாகத்துக்குச் சிரமமே இல்லை. ஆய்வகத்தைப் பூட்டி வைத்தாலும் கணினி கணினிதானே! மெகாபிட் கணக்கும் பொய்யில்லை. அத்தனையும் முதல்வர் அறை வரை வருகிறது. விடுதிக்குப் போகும் வழியில் களைத்துவிடுகிறது.

நெட் இல்லையென்றால் புகாரை ஆன்லைனில்தான் பதிய வேண்டும். ஓடிபி மின்னஞ்சலுக்கு வரும். மின்னஞ்சலைப் பார்க்க நெட் வேண்டும். பையன்கள் சொந்த டேட்டாவைச் செலவழித்துப் புகார் கொடுத்தால், 'தீர்க்கப்பட்டது' என்று அன்று மாலையே பதில் வந்துவிடும். இந்த ஒரு சேவையில் மட்டும் தாமதம் கிடையாது.

ஐரோப்பாவில் 2002 வாக்கில் முளைத்த எடுரோம் (eduroam) என்ற வைஃபை சேவை, சொந்தப் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லை வைத்தே வேறு நாட்டு வளாகத்திலும் இணைய விடுகிறது. இங்கே முதல் மாடிக் கடவுச்சொல் இரண்டாம் மாடியில் செல்லாது. (பாதுகாப்பாம்.)

குழுவினரே, அடுத்த முறை சொல்லாமல் வாருங்கள். வந்ததும் விடுதியின் கடைசி அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு பிடிஎஃப் இறக்கிப் பாருங்கள்.