தெலுக் கெமாங் கடலில் திமிங்கிலம் காணாமை: ஓர் அளவையியல் ஆய்வு

நெகிரி செம்பிலான் தோட்டத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் போவதும், தெலுக் கெமாங் கரையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு வாழைப்பழப் படகில் ஏறுவதும் ஊரறிந்தவை. இதைத் திமிங்கிலக் காட்சிப் பயணம் என்று இதுவரை எவரும் வகைப்படுத்தவில்லை. ஆய்வுலகின் பெருங்குறை இது. முதலில் இலக்கணம் வகுப்போம். கரையை விட்டகன்ற கலத்தில் அமர்ந்து, தன்னினும் பெரிய ஒன்று நீரிலிருந்து எழுமோ என நோக்குவது திமிங்கிலக் காட்சி எனப்படும். படகில் ஏறிய பாட்டி, "ஆத்தாடி, உள்ள என்னென்ன கெடக்கோ" என்கிறார் (பாட்டி, வாய்மொழி, முதல் அலைக்கு முன்). இலக்கணம் பொருந்திவிட்டது.

திமிங்கிலம் மூவகைப்படும்: கண்டது, கண்டதாகச் சொல்லப்பட்டது, காணாதது. கண்டதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்டதாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் மிதக்கும் கட்டை. மூன்றாவதே ஆய்வுக்குரியது. இதற்கு நம் மரபில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சமயக்கணக்கர் திறம் கேட்ட காதையில் மணிமேகலைக்குச் சொல்லப்படும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. இல்லாததை இல்லை என்று அறிவதும் அறிவே. தோட்டத்துப் பெரட்டில் இது நாள்தோறும் நிறுவப்பட்டது. வந்த ஆளுக்குச் செக்ரோலில் ஒரே ஒரு கோடு, கதை முடிந்தது. வராத ஆளுக்கோ காரணம் வேண்டும்: காய்ச்சலா, சாவு வீடா, மகளுக்குக் காதுகுத்தா, நேற்றிரவுக் கள்ளா? கங்காணி ஒன்று சொல்வார், அண்டை லயத்துக்காரர் வேறொன்று சொல்வார், கிராணி இரண்டையும் நம்பாமல் மூன்றாவதை எழுதுவார் (செக்ரோல், வராதோர் பத்தி, மை கொட்டிய இடம்). ஆகவே வந்தவனால் கூலி பிறக்கிறது, வராதவனால் நூல் பிறக்கிறது. கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களில் பெரட்டுக்களமே இன்று காணாததாகிவிட்டதால், அதுவும் ஆராய்ச்சிக்குத் தகுதி பெற்றுவிட்டது. இவ்வகை உழைப்பு நமக்குப் புதிதுமல்ல. கடல்கொண்ட நிலத்தில் நாற்பத்தொன்பது நாடுகளை எண்ணிக் கணக்குக் கொடுத்ததும், பின்வந்தோர் அதற்கு வரைபடம் போட்டதும் எந்தப் படகிலும் ஏறாமல்தான்.

இனித் திமிங்கிலம் வராததன் காரணம். மலாக்கா நீரிணையின் தென்பகுதியில் ஆழம் பெரும்பாலும் 27 மீட்டர் அளவே. முழு வளர்ச்சி பெற்ற நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் வரை நீளும். அதை இங்கே செங்குத்தாக நிறுத்தினால் வால் வெளியே தெரியும். அப்படி ஒரு வாலும் இதுவரை தெரியாததால், அது படுத்திருக்கிறது என்று கொள்வதே முறை. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் வழியில் படுத்திருப்பது எப்படி என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்திருக்கிறது (படகோட்டி, எஞ்சின் இரைச்சலினூடே கூறியது, பாதி கேட்கவில்லை, கேட்காத பாதியே இன்றியமையாதது. ஒப்புநோக்குக: நாசி லெமாக் பொட்டலத்தாள், உட்புறம், சம்பல் கறைக்குக் கீழ், அதன் திருத்திய பதிப்பு கடலில் விழுந்துவிட்டது).

"1892-இல் மலாக்காவுக்குத் தெற்கே சபாத்துவில் 42 அடித் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியதே?" எனத் தடை எழுப்புவர். ஒதுங்கியது உண்மை. ஆனால் அது படகிலிருந்து காணப்படவில்லை. காட்சிப் பயணம் போனதும் மக்களல்லர், திமிங்கிலமே. அதன் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்கி, 1974-இல் கோலாலம்பூருக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு லாபுவான் வரை போயிற்று. நெடுங்காலம் அது வேறோர் இனத்தின் பெயரில் அறியப்பட்டு, பின்னரே நீலத்திமிங்கிலம் எனப்பட்டது. தலைக்கு மேல் தொங்கும் எலும்பிலேயே அறிஞர்க்குப் பெயர் தடுமாறுமானால், காணாததை ஆராய்வதே பிழைக்கு இடமற்ற வழி. "இலங்கையின் மிரிஸ்ஸாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மெய்யாகவே காட்டுகிறார்களே?" என்பது அடுத்த தடை. அங்கே ஆழ்கடல் கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது, திமிங்கிலமும் வருகிறது. பலன் என்ன? போனவர் எல்லாரிடமும் சாம்பல் நிற முதுகின் ஒரே படம். கருத்து வேறுபாடு இல்லை, மறுப்புரை இல்லை, மறுப்புக்கு மறுப்பு இல்லை. கண்டவுடன் துறையே இழுத்து மூடப்படுகிறது.

எனவே தெலுக் கெமாங்கே உலகின் தலைசிறந்த ஆய்வுக்களம் என்பது பெறப்பட்டது. ஒருவேளை நாளை அங்கே மெய்யாகவே ஒரு திமிங்கிலம் தலை தூக்கினால், ஆய்வாளர் மிதவைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பிவிட வேண்டும். நூலுக்கு அணிந்துரை தந்த பேராசிரியரிடம் சொல்ல வேண்டியதில்லை. நூலைப் படிக்காதவரைத் திமிங்கிலம் ஒன்றும் செய்துவிடாது.