சனி பகவான் தேவலை, மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. அந்தக் கல்லுல வேணாம், எறும்பு ஏறும். டீ வேணுமான்னு கேக்க மாட்டேன். பத்து ரூவாய மிச்சம் பிடிச்சு பாங்கிக்குக் கட்டணும்னு நீ டீயை விட்டு எட்டு மாசமாச்சுன்னு எந்தங்கச்சி சொன்னா. நல்ல காரியம். டீயால அழிஞ்ச குடும்பம் நம்ம கம்பத்துல கொஞ்சமா நஞ்சமா!

எங்க, அந்த நோட்டக் காட்டு. அடேயப்பா, என்னா கையெழுத்து! பால், பருப்பு, பெட்ரோலு… இது என்னா, அடிச்சு வச்சிருக்க? மல்லியப் பூ ஒரு முழமா? பொண்டாட்டி தலைப்பூவை அடிச்சுப் பாங்கிக் கடன அடைச்ச ஒரே மகராசன் நீதான்யா. வீட்டுல சோறு விழுகுதா இன்னும்?

ஒன் வீட்டுக் கடன் கணக்க நானும் எம் பேரன் செல்லுல போட்டுப் பாத்தேன். 25 லட்சம், எட்டரை வட்டி, 20 வருசம். மாசம் 21,696 ரூவா டியூ. மொத மாசம் நீ கட்டுனதுல 17,708 வட்டிக்கே போயிருச்சு. அசல்ல கழிஞ்சது நாலாயிரங்கூட இல்ல. கடைசித் தவணை கட்டுறப்ப மொத்தம் 52 லட்சம் போயிருக்கும். அதப் பாத்துத்தான ஒனக்கு வயித்தக் கலக்குச்சு? கலக்கணும். கலக்காதவன் அதுக்கு மேல ஒரு நகைக் கடனையும் வாங்கி ரெண்டாவது மாடி கட்டிக்கிட்டுத் திரியுறான். ஒனக்குப் பயம் இருக்கு, அதுல தப்புச் சொல்ல மாட்டேன்.

போன ஆடிச் சனிக்கெழம குச்சனூர் சனி பகவான் கோயில்ல ஒன்னயப் பாத்தேன். எள்ளு விளக்குப் போட்டுட்டு கண்ண மூடி நின்ன. யாரு கிட்டப் போயி யாரு மேல புகார் சொல்ற நீ? அவரு ஏழரை வருசத்துல எறங்கிருவாரு. எறங்குறப்ப கை நெறயக் குடுத்துட்டுப் போவாருன்னு வேற பெரியாளுக சொல்லுவாக. பாங்கி எறங்கறதுக்கு இருபது வருசம். எறங்குறப்பக் குடுக்குறதும் ஒரு பத்திரம், அதுவும் நீ குடுத்த பத்திரம்.

இருபது வருசமான்னு மலைக்காத. நம்ம தலைக்கு மேல இருக்கிற கணக்கப் பாரு. முல்லைப் பெரியாறு அணைக்கு 1886ல திருவிதாங்கூர் மகராசாவும் வெள்ளைக்காரனும் குத்தகை எழுதுனாக. எத்தன வருசத்துக்கு? 999. எட்டாயிரம் ஏக்கரு, ஏக்கருக்கு அஞ்சு ரூவா, வருசம் நாப்பதாயிரம். 1970ல ஏக்கருக்கு முப்பது ரூவான்னு ஏத்திப்புட்டாக. மாறுற வட்டின்னு பாங்கில ஒனக்கு ஒரு கையெழுத்து வாங்குனாய்ங்கல்ல, அதுக்குப் பெரியப்பன் இது. குத்தகை முடியறது 2885ல. பென்னிகுவிக் தொரை 1887ல ஆரம்பிச்ச வேல. வெள்ளம் வந்து கட்டுனத அடிச்சுக்கிட்டுப் போச்சு, காச்சல்ல ஆளுக மடிஞ்சாக, 1895ல தண்ணியத் திருப்பி விட்டாரு. தைப் பொங்கலுக்கு அவரு படத்துக்கு மால போட்டுப் பொங்க வைக்கிறாக நம்ம சனம். குத்தகை முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தா, இன்னும் எண்ணூத்திச் சொச்சம் வருசத்துக்கு நம்ம பயலுக ஒருத்தனும் நாத்து நட முடியாது. கடன் பாட்டுக்கு ஓடும், வாய்க்கா பாட்டுக்கு ஓடும்.

சரி, அந்த ஆர்மோனியப் பெட்டி எங்க?

பரண்லயா. பழைய போர்வை சுத்தியா. நெனச்சேன். வள்ளி திருமண நாடகத்துக்குப் பின்பாட்டுக்காரரு வராம, மேடைக்குப் பின்னால எல்லாரும் முழிச்சுக்கிட்டு நின்னப்ப, நீ போயி உக்காந்து விடியவிடிய வாசிச்சியே, ஞாபகம் இருக்கா? நாரதர் வேசக்காரரு சுருதி தவறுறப்பல்லாம் நீ ஒரு கட்டைய லேசா அமுக்கி அவரத் திருப்பிக் கூட்டிட்டு வந்த. விடிஞ்சதும் ஒனக்குக் குடுத்தது எரநூறு ரூவாயும் ஒரு துண்டும். அந்த எரநூறு இந்த நோட்டுல எந்தப் பக்கம் ஏறும்? ஏறாது. அதான் பரண்ல ஏத்திட்ட.

நம்ம பண்ணைப்புரத்துல இளையராஜாவோட ஆத்தா சின்னத்தாயம்மா என்ன பண்ணுனாக? 1968ல மகங்க மெட்ராசு போறோம்னு நின்னப்ப வீட்டு ரேடியோவ வித்து 400 ரூவா குடுத்தாக. இளையராஜா தன் வாயாலயே சொன்ன கத. அந்தம்மா பாட்டுக்காக ரேடியோவ வித்தாக. நீ டியூவுக்காகப் பாட்டையே பரண்ல ஏத்திட்ட. அதுக்காக வேலைய விட்டுட்டு நாளைக்கே பஸ் ஏறிராத! அவரோட மொதப் படம் அன்னக்கிளி வர்றதுக்கு 1976 ஆயிப்போச்சு. எட்டு வருசம் டியூ கட்டாம இருந்தா, பாங்கிக்காரன் ஒன் வீட்டு வாசல்ல நின்னு முகாரி பாடுவான். ஒனக்கு மேடையும் வேணாம் மாலையும் வேணாம், வாரத்துக்கு ஒரு சாயந்தரம் போதும்.

நான் என்னமோ யோக்கியன் மாதிரிப் பேசுறேன்ல? என் கதையக் கேளு. திராட்சைப் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வாங்குன கடன் எம் நெஞ்சுல உக்காந்திருந்த காலம். நம்ம பள்ளத்தாக்கு வருசம் பூராம் பழம் வெட்டுற சீமை. பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்தாக. கொடி வச்சவனுக்குத்தான் ஒன்னும் குடுக்கல, போகட்டும். பழம் வெட்டுனதும் கொடியக் கொஞ்ச நாளு சும்மா விடணும். அது வெயில் குடிச்சு, தண்டுல சத்து ஏத்திக்கிட்டப்புறந்தான் கவாத்து. எனக்குப் பொறுக்கல. இன்னொரு வெட்டுச் சேத்து எடுத்துட்டா கடன் தீந்துரும்னு, பழம் போன பத்தாம் நாளே கத்திரியத் தூக்கிட்டேன். எங்கய்யா திண்ணையில இருந்து பாத்தாரு, ஒரு வார்த்தை சொல்லல. கொடி தளுத்துச்சு பாரு, பச்சைப் பசேல்னு! போறவன் வர்றவனெல்லாம் கண்ணு வச்சான். பந்தலுக்குக் கீழ போயி அண்ணாந்து பாத்தா எல, எல, எல. கொல இல்ல. ஒரு வெட்டப் பிடிக்கப் போயி ஒரு வெட்டு போச்சு, கடன் ஒரு வருசம் நீண்டுச்சு. எங்கய்யா அப்பத்தான் வாயத் தொறந்தாரு: ஆடு வாங்கி விடுடா, எலயாவது செலவாகும்னாரு.

இப்ப ஒன் பந்தலப் பாப்போம். டியூவுக்கு மேல மாசம் பத்தாயிரம் கட்டுற. அதுக்காக ஞாயித்துக்கெழம போடிக்குப் போயி ஏலக்காக் கடையில கணக்கு எழுதுற. ராத்திரி ஒம்பது வரைக்கும் டியூசன். இப்படியே போனா 9 வருசம் 8 மாசத்துல கடன் முடியும். சூரந்தான். அந்தப் பிரஷர் மாத்திரை மட்டும் நோட்டுல காணோமே? முப்பத்தாறு வயசுக்காரன் மாத்திரை அட்டைய பர்சுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்னு ஒன் பொண்டாட்டி ஒங்காத்தா கிட்ட அழுதுச்சாம். மக கையில இருந்த கலர் பென்சில் ஒடைஞ்சதுக்கு அரைமணி நேரம் கத்துனியாம். பென்சில் என்னா வெல?

அந்தப் பத்தாயிரத்த அஞ்சாயிரமாக்குனா 12 வருசம் 10 மாசம். வட்டி நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா கூடும். சின்னக் காசு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா போடி பஸ் மிச்சம், ஞாயித்துக்கெழம மிச்சம். அப்புறம் கையில மிஞ்சுறதுல ஆறு மாச டியூவுக்கு ஆகுற காச மொதல்ல ஒதுக்கி வையி. போனசு, கீனசு வந்தா அப்பக் கொண்டுபோயி அசல்ல கட்டு. மாறுற வட்டி வீட்டுக் கடன முன்னாடியே அடைச்சா அபராதம் போடக்கூடாதுன்னு ரிசர்வ் பாங்கி 2012லயே சொல்லிருச்சு. அவசரம் ஒனக்குத்தான், பாங்கிக்கு இல்ல.

நான் சொல்றத நீ கேக்க மாட்ட. மாமன் வெட்டிப்பய, காலாட்டிக்கிட்டுப் பேசுவான்னு நெனப்ப. நெனச்சுக்க. நேத்து நீ வேலைக்குப் போனப்புறம் வீட்டுக்கு வந்து பரண்ல ஏறுனேன். இந்த வயசுல ஏணி பிடிக்க ஒங்காத்தாள நிப்பாட்டி வச்சு ஏறுனேன்யா. துருத்தித் தோல ஒரு பக்கம் எலி கடிச்சிருக்கு. நடுவுல ரெண்டு கட்டை அமுக்குனா அமுங்குது, எந்திரிக்க மாட்டேங்குது, ஒன்ன மாதிரியே. பெட்டிய ரிப்பேருக்குக் குடுத்தாச்சு.

சனிக்கெழம சாயந்தரம் தோட்டத்துக்கு வா. பந்தலுக்குக் கீழ பாய் விரிச்சு வைக்கிறேன். மகளையும் கூட்டிட்டு வா, கலர் பென்சிலோட. ரிப்பேருக்கு 1,200 ரூவா ஆச்சு. நான் குடுத்திட்டேன், நீ மாசம் நூறு ரூவா எனக்கு டியூ கட்டு. வட்டி கெடையாது. ஒரு தவணை தப்புனாலும் ஒங்க வீட்டு வாசல்ல வந்து நானே பாடுவேன். எங்கொரல் ஒனக்குத் தெரியும்ல?

டீ வருது பாரு. குடி. இருவது ரூவா ஆச்சு, ரெண்டு பேருக்கும் சேத்து. நோட்டுல எழுதிக்க.