வைஃபை வந்தது, பக்கம் வரவில்லை

கேள்வி: ஜொகூர் பாரு பேரங்காடி ஒன்றில் இலவச வைஃபை இணைகிறது, ஆனால் உள்நுழைவுப் பக்கம் மட்டும் திறப்பதே இல்லை. கைப்பேசியை மாற்றிவிடலாமா?
– வாசகி, ஸ்கூடாய்

பதில்: வேண்டாம்மா, அந்தக் காசைத் தீபாவளிக்கு வையுங்கள். உங்கள் கைப்பேசி கெட்டுப்போகவில்லை. ரொம்ப உஷாராக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் தளத்தை வழிமறித்துத்தான் வைஃபை தன் பக்கத்தை நீட்டும். இன்றைய தளங்களோ முத்திரையிட்ட கடிதம்போல 'எச்டிடிபிஎஸ்' பூட்டோடு போகின்றன; நடுவில் யார் கைவைத்தாலும் கைப்பேசி ஏற்காது. பூட்டில்லாத தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' இதற்காகவே இருக்கிறது. அதற்கும் மசியவில்லையா? விபிஎன், ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இரண்டையும் அணையுங்கள். பெரும்பாலும் முடிச்சு இங்கேதான். மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். பக்கம் வந்து உள்நுழைந்ததும் எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிடுங்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொன்று: பலருக்கு வேலை சிங்கப்பூரில், சிம்மும் சிங்கப்பூருடையது. உள்நுழைவுப் பக்கம் 60-இல் தொடங்கும் மலேசியக் கைப்பேசி எண்ணை மட்டும் ஏற்பதாக இருந்தால், சிங்கப்பூரின் 65 எண்ணைத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஓடிபி பாலம் தாண்டாது. ஐசி எண்ணோ வங்கி விவரமோ கேட்கும் பக்கம் வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.